அமெரிக்க மாஜாங்: காயை விட்டு அட்டையில் தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: "ரம்மி நன்றாக ஆடுவேன். அமெரிக்காவுக்குக் குடிவந்த பிறகு, வாராவாரம் மாஜாங் ஆடும் தோழிகள் என்னையும் கூப்பிடுகிறார்கள். வீடியோ பார்த்தேன், காய்கள் ஓரளவு புரிகின்றன. ஆனால் அந்த மடிப்பு அட்டையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. அது முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?"

மனப்பாடம் வேண்டவே வேண்டாம். எந்தெந்தக் காய்கள் சேர்ந்தால் வெற்றி என்ற பட்டியல்தான் அந்த அட்டை. பல வருடமாக ஆடுகிறவர்களும் அதைக் கண்முன்னே வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். அதைப் பார்ப்பது குறையும் இல்லை, விதிமீறலும் இல்லை. ஆனால் தலை சுற்றும் இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். அமெரிக்க மாஜாங் நாலு பேர் காய்களை வைத்து ஆடும் ஆட்டம். அதில் காயைக் கற்பது அரை மணி நேர வேலை. மீதியெல்லாம் அட்டையை வாசிப்பதுதான். சொல்லிக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் காயில் தொடங்கி, காய்களைச் சுவராக அடுக்குவது, பகடை உருட்டுவது என்று போய், அட்டையைக் கடைசியில் நீட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் அது தலைகீழ். அட்டையை வாசிக்கத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரிப் படங்களை ஜோடி ஜோடியாக எடுத்துக்கொண்டே போகும் 'மாஜாங்' வேறு ஆட்டம். அது 1980களில் கம்ப்யூட்டருக்காகவே உருவானது, தனியாக ஆடுவது. அதில் தேர்ந்தவர்களுக்கும் இந்த மேசையில் கைகொடுப்பது காய்களின் முகப்பழக்கம் மட்டும்தான். அதே போல ஹாங்காங் முறை, ஜப்பானிய ரீச்சி முறை இரண்டும் அமெரிக்க முறையிலிருந்து ரொம்ப விலகியவை. வீடியோ பார்க்கும்போது தலைப்பில் 'அமெரிக்கன்' என்றோ 'நேஷனல் மாஜாங் லீக்' என்றோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஆட்டத்தின் விதிகளும் மண்டையில் ஒன்றாகக் குழம்பிவிடும்.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று தெரிந்தால் அட்டை ஏன் இருக்கிறது என்பதும் புரியும். சீனாவில் சூச்சோ நகரில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசப் பாப்காக் என்ற அமெரிக்கர், அங்கே பார்த்த ஆட்டத்தை எளிதாக்கி 1920இல் விதிப் புத்தகம் போட்டார். காய்களின் மூலையில் எண்களை அச்சிட்டு அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1920களின் முதல் பாதியில் அந்த நாடே மாஜாங் பைத்தியம் பிடித்து ஆடியது. ஆளுக்கொரு விதி, ஊருக்கொரு புத்தகம் என்று ஆனதில் ஆட்டம் சலித்து ஓய்ந்தும் போனது. பிறகு 1937இல் நியூயார்க்கில் சில பெண்கள், பெரும்பாலும் யூதக் குடும்பத்தவர், கூடி நேஷனல் மாஜாங் லீகைத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே விதி, வெல்லக்கூடிய கைகளுக்கு, அதாவது காய்ச் சேர்க்கைகளுக்கு, ஒரே பட்டியல் என்று ஒழுங்கு செய்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் மாற்றி அட்டையாக வெளியிடுகிறார்கள். நியூயார்க்குக்கு அருகே கேட்ஸ்கில் மலைப் பகுதியில் கோடை விடுமுறைக்குப் போன யூதக் குடும்பங்கள் வழியாகவும், நகரத்து அடுக்குமாடி வீடுகள் வழியாகவும் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்து சேர்ந்த ஆட்டம் இது. சீனர்கள் கண்டுபிடித்த விளையாட்டு இன்னொரு சமூகத்தின் வீட்டுப் பழக்கமாக வேர்விட்டிருக்கிறது. உங்கள் மேசையில் வயதான ஒருவர் இருந்தால் அவர் அம்மாவின் பழைய செட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நிறையக் கதை கிடைக்கும்.

சரி, காய்கள். மொத்தம் 152. பேம் (மூங்கில்), கிராக் (சீன எழுத்து), டாட் (வட்டம்) என்று மூன்று இனம். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை, ஒவ்வொரு காயும் நாலு நாலு, ஆக 108. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்ற நாலு காற்றுகள் நாலு நாலாக 16. சிவப்பு, பச்சை, வெள்ளை என்ற மூன்று டிராகன்கள் 12. பூக்கள் 8, ஜோக்கர்கள் 8. தடுமாறவைக்கும் இடங்கள் மூன்று. 1 பேம் காயில் மூங்கில் இருக்காது, ஒரு பறவை இருக்கும். புதியவர்கள் அதைப் பூ என்று நினைத்து வைத்துக்கொள்வார்கள். மூலையில் 1 இருக்கிறதா, பறவை மற்றப் பூக்களின் பாணியில் இருக்கிறதா என்று பார்த்தால் தெளிந்துவிடும். வெள்ளை டிராகன் பெரும்பாலும் வெறும் கட்டம் போட்ட காய். மேசையில் அதை 'சோப்' என்றுதான் சொல்வார்கள். பூக்களில் வெவ்வேறு படம், வெவ்வேறு எண் இருக்கும். அமெரிக்க முறையில் அதையெல்லாம் கண்டுகொள்ள வேண்டாம், எட்டும் ஒன்றே.

இன்னொன்றும் இப்போதே மனதில் ஏறிவிடட்டும்: ஒவ்வொரு டிராகனும் ஓர் இனத்தோடு சேர்ந்தது. சிவப்பு கிராக்கோடு, பச்சை பேமோடு, வெள்ளை டாட்டோடு. அட்டையில் எண்களோடு டிராகன் வரும் வரிகளில் இது தெரியாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

இனி அட்டை. மடித்த அட்டையைத் திறந்தால் வகை வகையாகப் பிரித்திருக்கும்: ஆண்டு எண், இரட்டைப்படை எண்கள், ஒரே எண், அடுத்தடுத்த எண்கள், ஒற்றைப்படை எண்கள், காற்றும் டிராகனும், 369, கடைசியில் தனிக்காயும் ஜோடியும். இதோடு சில வருடங்களில் ஐந்தைந்தாகச் சேர்க்கும் கைகள், கூட்டல் கைகள் என்று ஒன்றிரண்டு வகைகள் வந்து போகும். ஒவ்வொரு வகைக்கும் கீழே சில வரிகள். ஒவ்வொரு வரியும் முழுமையான ஒரு கை, எண்ணிப் பார்த்தால் சரியாக 14 காய். உங்கள் 14 காய்களும் ஏதாவது ஒரு வரியோடு அச்சு அசலாகப் பொருந்தினால் மாஜாங், அதாவது வெற்றி. கிட்டத்தட்டப் பொருந்துவது செல்லாது. ரம்மியில் செட்டையும் சீக்வென்ஸையும் நம் விருப்பம் போல அமைத்துக்கொள்கிறோம் அல்லவா, அந்தச் சுதந்திரம் இங்கே கிடையாது. ரம்மிக்காரர்களுக்கு முதலில் உறுத்தும் இடம் இதுதான். 4, 5, 6 என்று மூன்று காய் கையில் அழகாக நின்றால் மனம் குளிரும். ஆனால் அட்டையில் அதற்கு வரி இல்லாவிட்டால் அது வெறும் மூன்று காய்.

வரியை வாசிக்கும்போது மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது நிறம். எண்கள் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று நிறத்தில் அச்சாகியிருக்கும். சிவப்பு என்றால் கிராக், பச்சை என்றால் பேம் என்று மனம் தானாக முடிவு கட்டிவிடும். அப்படி இல்லை. நிறம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரே நிறத்தில் இருப்பவை ஒரே இனம், வேறு நிறத்தில் இருப்பவை வேறு இனம். எந்த இனம் என்பது உங்கள் விருப்பம். முழு வரியும் ஒரே நிறத்தில் இருந்தால் எண் காய்கள் எல்லாம் ஒரே இனத்தில் வேண்டும், மூன்று நிறம் இருந்தால் மூன்று இனமும் வேண்டும். பூவும் காற்றும் இனம் இல்லாதவை, அவற்றின் நிறத்தைப் பார்க்க வேண்டாம். ஆண்டு எண் வகையில் பூஜ்யத்தின் இடத்தில் சோப் வரும். அந்த இடத்தில் அது டாட்டோடு சேர்ந்தது அல்ல, எந்த இனத்தோடும் நிற்கும்.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். ஏதாவது ஓர் இனம், ஏதாவது மூன்று அடுத்தடுத்த எண்கள், இந்த எண்கள் மட்டும் என்ற மாதிரி. எண்களைப் பார்த்துவிட்டு இந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் விடுவதால்தான் பாதிக் கைகள் கெடுகின்றன. வரியில் 1, 2, 3 என்று அச்சாகியிருந்தாலும் குறிப்பு 'ஏதாவது அடுத்தடுத்த எண்கள்' என்றால் 6, 7, 8இலும் அதே கையை அமைக்கலாம். 'இந்த எண்கள் மட்டும்' என்றால் முடியாது. குறிப்புக்குப் பக்கத்தில் எக்ஸ் அல்லது சி என்ற எழுத்தும், 25, 30, 50 என்று மதிப்பும் இருக்கும். எக்ஸ் என்றால் மற்றவர்கள் எறியும் காயைக் கேட்டு வாங்கிக் கையைத் திறந்து காட்டி ஆடலாம். சி என்றால் கடைசிக் காய் தவிர மற்ற எதையும் கேட்டு வாங்கக் கூடாது, சுவரிலிருந்து நீங்களே எடுத்துத்தான் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் சி கைகளை அடியோடு மறந்துவிடுங்கள். அட்டையின் சுமை கணிசமாகக் குறையும்.

அப்புறம் ஜோக்கர். ரம்மி ஜோக்கரை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். ஒரே காய் மூன்றோ அதற்கு மேலோ சேரும் இடத்தில் மட்டும்தான் ஜோக்கர் நிற்கும். ஜோடிக்கும் தனிக்காய்க்கும் நிற்காது. வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்று நாலும் ஒவ்வொன்றாக வரும் இடம் பார்ப்பதற்கு நாலு காய்க் கூட்டம் போலத் தெரியும், ஆனால் அவை நாலு தனிக்காய்கள். அங்கேயும் ஜோக்கர் செல்லாது. ஆண்டு எண்ணும் அப்படியே. இந்த ஒரே விதியிலிருந்து ஆட்டத்தின் மிகப் பெரிய சூட்சுமம் கிடைக்கிறது: இங்கே விலைமதிப்பற்றது ஜோடி. நாலு ஒரே காய் வேண்டிய இடத்தை ஒரு காயும் மூன்று ஜோக்கரும் வைத்துக்கூட நிரப்பிவிடலாம். ஜோடியை எதை வைத்தும் நிரப்ப முடியாது, அதை யாரிடமும் கேட்டும் வாங்க முடியாது, அந்தக் காயோடு மாஜாங் ஆனால் ஒழிய. ஆகவே கையில் இயல்பாக விழுந்த ஜோடிகளைப் பார்த்து, அவை ஜோடியாகவே வேண்டப்படும் வரி எது என்று தேடுங்கள். மூன்று காய் சேர்ந்திருக்கிறதே என்று மயங்கி, வேண்டிய ஜோடிகள் கையில் இல்லாத வரியைத் துரத்தாதீர்கள்.

எட்டு ஜோக்கர் என்றால் நிறைய என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். நாலு பேருக்கும் பங்கிட்ட பின் வெளியே வந்திருப்பவை 53 காய்கள். சராசரியாக அதில் மூன்று ஜோக்கர்கூட இருக்காது. ஜோக்கரே இல்லாமல் ஒருவர் தொடங்குவது சர்வ சாதாரணம். அதற்காக நொந்துகொள்ள வேண்டாம், சுவரில் இன்னும் 99 காய்கள் மிச்சம்.

இப்போது ஒரு கையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். உங்களுக்கு வந்தவை இவை: பூ இரண்டு, 2 பேம் இரண்டு, 4 கிராக் இரண்டு, 6 டாட், 8 பேம், 3 டாட், 9 கிராக், கிழக்கு, சிவப்பு டிராகன், ஒரு ஜோக்கர். பதின்மூன்று. அட்டையை எடுத்து ஐம்பது வரியையும் மேலிருந்து கீழே படிக்கத் தொடங்கினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். அட்டையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் காய்களை மட்டும் பாருங்கள். இரட்டைப்படை எண்கள் ஆறு, பூ இரண்டு, ஜோக்கர் ஒன்று. ஒன்பது காய் ஒரு பக்கம் சாய்கிறது. இப்போது அட்டையை எடுத்து இரட்டைப்படை வகையை மட்டும் படியுங்கள். படிக்க வேண்டியது ஏழெட்டு வரிதான். அதில் ஒரு வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம் (எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்தது): இரண்டு பூ, நாலு 2, நாலு 4, நாலு 6, மூன்றும் மூன்று நிறத்தில். ஜோடியாக வேண்டியது பூ மட்டும், அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2, 4, 6 மூன்றும் மூன்று வேறு இனத்தில் விழுந்திருக்கின்றன. மீதி எல்லா இடத்திலும் ஜோக்கர் நிற்கும். இன்னும் ஆறே காய். தொடக்கத்தில் இதைவிட நல்ல கையை எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது சார்லஸ்டன். காய் பங்கிட்டதும், முதல் காய் எறிவதற்கு முன், மூன்று மூன்று காய்களாகக் கைமாற்றிக்கொள்ளும் சடங்கு இது. அமெரிக்க முறைக்கே உரியது. முதல் சுற்றில் வலப்பக்கம் இருப்பவருக்கு மூன்று, எதிரே இருப்பவருக்கு மூன்று, இடப்பக்கம் இருப்பவருக்கு மூன்று. இந்தச் சுற்று கட்டாயம். இரண்டாவது சுற்று இடம், எதிர், வலம் என்று திரும்பிப் போகும். நாலு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அது நடக்காது. கடைசியில் எதிரே இருப்பவரோடு மட்டும், இருவரும் ஒத்துக்கொண்ட அளவில், மூன்று காய் வரை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றின் கடைசிக் கைமாற்றத்தில் மட்டும் ஒரு சலுகை உண்டு. கொடுக்க மூன்று காய் தேறாவிட்டால், வந்த காய்களில் சிலவற்றைப் பார்க்காமலே அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். ஜோக்கரை எந்தக் கைமாற்றத்திலும் கொடுக்கக் கூடாது.

நம் கையில் வேண்டாதவை நாலு: 3 டாட், 9 கிராக், கிழக்கு, சிவப்பு டிராகன். 8 பேம் இரட்டைப்படை, அது இருக்கட்டும். முதல் கைமாற்றத்தில் மூன்றைக் கொடுக்க வேண்டும். நான் 3, 9, கிழக்கு மூன்றையும் கொடுப்பேன். சிவப்பு டிராகனை ஒரு சுற்று வைத்துப் பார்ப்பேன். கையில் 4 கிராக் இரண்டு இருக்கிறது, கிராக்கின் டிராகன் சிவப்பு. இரட்டைப்படை வகையில் டிராகன் வரும் வரி பெரும்பாலான வருடங்களில் இருக்கும். 3, 9 இரண்டும் 369 வகைக்குப் பயன்படுமே, சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்கலாம். முதல் கைமாற்றத்தில் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டும் வேறு இனம், யார் எதைச் சேர்க்கிறார்கள் என்று யாருக்குமே தெரியாத நேரம். ஒரே காயில் ஜோடியாகவோ, மூன்று காற்றாகவோ, பூவோடு பூவாகவோ கொடுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். பூவை ஏறக்குறைய எப்போதுமே கொடுக்காதீர்கள். அட்டையின் பல வகைகளிலும் பூ வேண்டும், எதிராளிக்கு அது தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பது போல.

சார்லஸ்டன் முடிவதற்குள் உங்களிடம் இரண்டு வரிகள் இருக்க வேண்டும். ஒன்று முதல் தேர்வு, இன்னொன்று அதே காய்களில் பாதிக்கு மேல் பயன்படுத்தும் மாற்று. ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதற்கு வேண்டிய ஜோடியை மற்றவர்கள் எறிந்து முடித்ததும் கை செத்துவிடும். நாலைந்து வரிகளைக் கையில் வைத்துக்கொண்டால் எதையும் எறிய மனம் வராது. கற்றுக்கொள்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றைத்தான், ஏனென்றால் ஆட்டத்தில் மகிழ்ச்சி தொடங்கும் இடமே இதுதான். வந்த காய்களை அட்டையோடு பொருத்தி, 'இது இப்படிப் போகும், இல்லாவிட்டால் அப்படிப் போகும்' என்று தோன்ற ஆரம்பித்த நாளிலிருந்து நீங்கள் மாஜாங் ஆடுகிறீர்கள் என்று அர்த்தம்.

இதற்குத் துணையே தேவையில்லாத ஒரு பயிற்சி உண்டு. காய்களைக் கவிழ்த்துக் கலைத்து 13 எடுங்கள். வகையைக் கண்டுபிடியுங்கள், இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுங்கள், கொடுக்க வேண்டிய மூன்றைப் பிரித்து வையுங்கள். முடிந்ததும் கலைத்துவிட்டு மறுபடி 13 எடுங்கள். ஆட்டத்தைத் தொடர வேண்டாம். இதையே செய்துகொண்டிருந்தால் கண் தானாக வகையைப் பிடிக்க ஆரம்பிக்கும். செட் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம்: 'ஐ லவ் மாஜ்', 'ரியல் மாஜாங்' போன்ற தளங்களில் கம்ப்யூட்டரோடு ஆடலாம். ஆனால் அங்கே ஆட்டம் தானாக நகர்வதால், எப்போது கேட்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது என்ற ஒழுங்கு கைக்கு வராது. அதற்கு நாலு பேர் உட்கார்ந்த மேசைதான் வழி.

மேசையில் நடப்பது எளிது. ஒவ்வொருவரும் தன் முன்னால் 19 நீளத்துக்கு இரண்டடுக்குச் சுவர் கட்டுகிறார்கள். கிழக்காக இருப்பவர், அதாவது ஆட்டத்தைத் தொடங்குபவர், பகடை உருட்டிச் சுவரை உடைக்கிறார். ஆளுக்கு 13, கிழக்குக்கு மட்டும் 14. கிழக்கு முதல் காயை எறிவார், பிறகு முறை வலப்பக்கமாகச் சுற்றும். சுவரிலிருந்து ஒன்று எடு, ஒன்று எறி, எறியும் காயின் பெயரைச் சத்தமாகச் சொல். அந்தக் காய் வேண்டியவர் முறை வராமலே கேட்கலாம், ஆனால் அதனால் மாஜாங் ஆனால் ஒழிய, அதை வைத்து மூன்றோ அதற்கு மேலோ ஒரே காய்க் கூட்டம் முழுமையாக வேண்டும். கேட்டதும் அந்தக் கூட்டத்தை ரேக்கின் (காய்களை நிறுத்தி வைக்கும் தாங்கியின்) மேல் எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும். அடுத்தவர் சுவரிலிருந்து எடுத்த காயைத் தன் ரேக்கில் வைத்துவிட்டால், அல்லது ஒன்றை எறிந்துவிட்டால், பழைய காயைக் கேட்கும் நேரம் போய்விட்டது. யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் 'வெயிட்' என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் கையில் 2 பேம் இரண்டும் ஒரு ஜோக்கரும் இருக்கின்றன. ஒருவர் 2 பேம் எறிகிறார். கேட்டால் நாலும் சேர்ந்துவிடும். கேட்கலாமா? ஆட்டத்தின் தொடக்கத்தில் என்றால் நான் கேட்க மாட்டேன். திறந்து வைத்த கூட்டத்தில் ஜோக்கர் இருந்தால், கடைசி 2 பேமை வைத்திருப்பவர் தன் முறையில் அதை உங்கள் கூட்டத்தில் வைத்துவிட்டு ஜோக்கரை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கூட்டம் கெடாது, ஆனால் அவருக்கு இலவசமாக ஒரு ஜோக்கர் கிடைத்துவிட்டது. அதோடு உங்கள் கையும் வெளியே தெரிந்துவிட்டது. நாலு 2 பேம் திறந்தால் இரட்டைப்படையா, அடுத்தடுத்த எண்களா என்று ஊகிக்கத்தான் முடியும். அதற்குப் பக்கத்தில் நாலு 4 கிராக்கும் திறந்துவிட்டால் அட்டையைப் பார்க்கும் எவருக்கும் உங்கள் கை எழுதி ஒட்டியது போலத் தெரியும். பாதிச் சுவர் தீர்ந்த பிறகு, இன்னும் மூன்றோ நாலோ காய்தான் வேண்டும் என்ற நிலையில், தயங்காமல் கேளுங்கள். இதே கண்ணால் மற்றவர்கள் திறந்து வைத்திருப்பதையும் பார்க்கப் பழகுங்கள். உங்கள் முறை வரும்போதெல்லாம், கையில் இருக்கும் எந்தக் காயாவது மேசையில் இருக்கும் ஜோக்கருக்கு மாற்றாகுமா என்று பார்ப்பது நல்ல பழக்கம். சுவரிலிருந்து காய் எடுத்த பிறகு மாற்றிக்கொள்ளுங்கள், எடுப்பதற்கு முன் அல்ல.

ஆட்டம் முடியப் போகிறது, உங்கள் கை தேறாது என்று தெரிந்துவிட்டால் எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இனி வேலை வெல்வது அல்ல, வேறொருவருக்குக் காய் கொடுக்காமல் இருப்பது. மேசையில் ஏற்கெனவே கிடக்கும் காயையே எறிவது ஓரளவு பாதுகாப்பு. அதுவரை வெளியே வராத பூவை அப்போது எறிவது ஆபத்து. எறிந்த ஜோக்கரை யாரும் கேட்க முடியாது, ஆகவே முழுப் பாதுகாப்பான காய் அதுதான். ஜோக்கரை எறியக் கை கூசும், ஆனால் கடைசி நாலைந்து காய்களில் அது சரியான ஆட்டம்.

பணக் கணக்கில் பயப்பட ஒன்றுமில்லை. அட்டையில் இருக்கும் மதிப்பு சென்ட். 25 சென்ட் கையில் ஒருவர் வென்றால், அந்தக் காயை எறிந்தவர் இரட்டிப்பாக 50 கொடுப்பார், மற்ற இருவரும் 25. சுவரிலிருந்து தானே எடுத்து வென்றால் மூவரும் 50. ஜோக்கரே இல்லாமல் வென்றால் இதெல்லாம் இன்னொரு முறை இரட்டிப்பாகும், தனிக்காயும் ஜோடியும் வகையைத் தவிர. பல மேசைகளில் ஒருவர் இழக்கக்கூடிய தொகைக்கு வரம்பு வைத்திருப்பார்கள். ஒரு மாலை முழுக்க ஆடினாலும் ஐந்து டாலருக்குள் அடங்கிவிடும்.

கை செல்லாமல் போவதற்கு முக்கியமான காரணம் எண்ணிக்கை. சார்லஸ்டனில் மூன்று கொடுத்து இரண்டு எடுத்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். நடுவில் எண்ணிப் பார்த்தால் 12. கை அப்போதே செத்தது, கடைசி வரை பணம் மட்டும் கொடுக்க வேண்டும். சார்லஸ்டன் முடிந்ததும் ஒருமுறை எண்ணுங்கள், அதற்குப் பிறகும் அவ்வப்போது எண்ணுங்கள். ரேக்கில் காய்களை நாலு, நாலு, ஐந்து என்று சிறிது இடைவெளி விட்டு வைத்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இடைவெளியை வகைப்படி வைக்காதீர்கள், எதிரே இருப்பவர் உங்கள் கண் போகும் இடத்தை வைத்தே கையை வாசிப்பார்.

என்ன வாங்குவது? அட்டையை மட்டும் வாங்குங்கள். லீகின் அட்டை சில வருடங்களாக 14, 15 டாலர். பெரிய எழுத்துப் பதிப்பு ஒரு டாலர் அதிகம், கண்ணுக்கு அது நல்லது. ஒவ்வொரு வசந்தத்திலும் புதியது வரும், பழையது அதோடு முடிந்தது. தோழிகளிடம் போன வருட அட்டை ஒன்று கேட்டால் கண்டிப்பாகக் கொடுப்பார்கள். வரிகள் மாறினாலும் வாசிக்கும் முறை மாறாது, பயிற்சிக்கு அது போதும். செட்டை உடனே வாங்க வேண்டாம். மேசைக்கு ஒரு செட்தான் வேண்டும், அது அவர்களிடம் இருக்கும். பின்னால் வாங்கும்போது பெட்டியில் 152 காய் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சீன முறைக்கான 144 காய் செட்டில் ஜோக்கர் இருக்காது. பேக்கலைட் என்ற பழங்காலப் பிளாஸ்டிக்கில் செய்த அழகான செட்டுகளிலும் ஜோக்கர் போதாமல் இருக்கும். அந்தக் காலத்தில் உபரிப் பூக்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி ஜோக்கராக்கிக்கொண்டார்கள்.

முதல் நாள் போகும்போது தோழிகளிடம் இரண்டு உதவி கேளுங்கள். முதல் ஆட்டம் ஒன்றோ இரண்டோ நாலு பேரும் காய்களைத் திறந்து வைத்து ஆட வேண்டும், காசில்லாமல். சார்லஸ்டனில் ஏன் இந்த மூன்றைக் கொடுத்தாய் என்று ஒவ்வொருவரும் வாயால் சொல்ல வேண்டும். நல்ல ஆட்டக்காரர்களுக்கு இதைவிடப் பிடித்த விஷயம் இல்லை, உற்சாகமாகச் சொல்வார்கள். பிறகு அந்த மேசைக்கென்று தனி விதிகள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிச் சுவருக்கு வந்ததும் எறிந்த காயைக் கேட்கக் கூடாது என்ற மாதிரி லீகின் விதியில் இல்லாத வழக்கங்கள் பல மேசைகளில் உண்டு. அவர்கள் வழக்கப்படியே ஆடுங்கள்.